எலி டாக்டரும் அவள் அண்ணனின் கால்களும்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு எலி டாக்டர் என்று பெயர். வைத்தது யாரென்று தெரியவில்லை. லிஃப்ட் இயக்குகிறவர் என்பார்கள் சிலர், மருந்தகத்துப் பெண்கள் என்பார்கள் சிலர். நரம்பியல் துறையின் மூத்த பேராசிரியை, வெளியூர்க் கருத்தரங்குகளில் மேடையில் உட்காருகிறவள். ஆனால் மூன்றாம் மாடியில் இறங்கி யாரிடம் வழி கேட்டாலும், "எலி டாக்டர் ரூமா? நேரா போங்க, கடைசிக் கதவு" என்றுதான் பதில் வரும். அவள் காதிலும் விழும். கோபித்துக்கொள்ள முடியாது. பெயரில் பொய் இல்லையே.

அவள் வாழ்க்கையில் பாதி எலிகளோடுதான் போனது. மூளையின் அடிப்பக்கத்தில் கருப்பாக ஒரு சின்னப் பட்டை இருக்கிறது. அங்கே இருக்கும் செல்கள் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கின்றன. நினைத்த மாத்திரத்தில் கை எழுவதும் கால் நடப்பதும் அதன் தயவில்தான். அந்தச் செல்கள் சத்தமில்லாமல் சாகத் தொடங்கினால் அது பார்க்கின்சன் நோய். கை நடுங்குகிறதே என்று மனிதர் டாக்டரைத் தேடி வருவதற்குள் பாதிக்கு மேல் செத்துப் போயிருக்கும். இப்போது இருக்கிற மாத்திரைகள் குறைந்துபோன டோபமினை ஈடுகட்டும், அவ்வளவுதான். சாவதை நிறுத்தாது. நிறுத்துகிற மருந்து ஒன்றைத்தான் அவள் இருபது வருஷத்துக்கு மேல் தேடினாள்.

ஏன் இந்த நோயைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று பேட்டிக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். கண்ணில் நீர் வருகிற மாதிரி ஒரு பதிலை எதிர்பார்த்து மைக்கை நீட்டுவார்கள். உண்மையான பதில் அவர்களுக்குப் பிடிக்காது. அவள் ஆராய்ச்சிக்கு வந்த வருடம் வலிப்பு நோய்ப் பிரிவில் இடமில்லை, தலைவலிப் பிரிவின் தலைவருக்குப் பெண்கள் என்றாலே தலைவலி, பார்க்கின்சன் பிரிவில் ஜன்னலோரம் ஒரு மேஜை காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை, அதுதான் விஷயம். நடுவில் ஒரு கல்யாணம் நடந்தது, நிலைக்கவில்லை. "உனக்குப் புருஷன் வேணுமா, எலி வேணுமா?" என்று ஒருநாள் அவர் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

எலிக்குப் பார்க்கின்சன் தானாக வராது. வரவழைக்க வேண்டும். மூளைக்குள் ஒரு விஷத்தைச் செலுத்தி, அந்தக் கருப்புப் பட்டையைக் கொன்று, எலியைச் சுழலும் உருளையில் ஏற்றிவிட்டு, எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு மருந்து கொடுத்து மறுபடியும் ஏற்ற வேண்டும். கேட்டால் சிரிப்பு வரும், சிரித்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்காக எந்த மருந்துக்கும் எலிகள் விழுந்துகொண்டேதான் இருந்தன. கடைசியில் ஒரு மழைக்காலத்தில், அவள் உருவாக்கிய புரத ஊசி போட்ட எலிகள் உருளையிலிருந்து விழ மறுத்தன. ஆய்வகமே கை தட்டியது. அவள் மட்டும் அடுத்த வாரம் மறுபடி செய்து பார், அதற்கடுத்த வாரமும் செய்து பார் என்று எல்லோர் உயிரையும் வாங்கினாள். எல்லா வாரமும் எலிகள் நின்றன.

"எலிக்குப் பார்க்கின்சன் வந்தா இனிமே கவலையே இல்ல, நாங்க பாத்துக்குவோம். என்ன, எலிக்கு அது வர்றதே இல்ல" என்று அவளே கேலி செய்வாள். கேலிதான். ஆனால் இது மனிதனுக்கும் கேட்டுவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு வேர்விட்டிருந்தது. அந்த வேரை அவள் வெளியே யாருக்கும் காட்டவில்லை.

அவளுடைய அண்ணன் டவுன் பஸ் டிரைவர். பத்து வயது மூத்தவர். பேராசிரியை ஆனபிறகும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார், அதுவும் நடுத்தெருவில். அவள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "எலிக்கு ஊசி போடறா, கவர்மென்ட் சம்பளம் குடுக்குது" என்று டிப்போவில் சொல்லி வைத்திருந்தார். அதற்கு மேல் தெரிந்துகொள்ள அவருக்கு ஆசையும் இல்லை.

ஒரு மத்தியானம் அவரோடு சாப்பிடலாம் என்று டிப்போ வாசலுக்கு எதிரே போய் நின்றாள். அண்ணன் சாலையைக் கடந்து வந்தார். இடது கை வீசி வந்தது. வலது கை தொடையோடு ஒட்டிக்கொண்டு, யாருடைய கையோ மாதிரி சும்மா வந்தது. அவ்வளவுதான் பார்த்தாள். அவர் சாலையின் நடுக்கோட்டைத் தாண்டுவதற்குள் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் கற்றுக்கொண்டதெல்லாம் இதைப் பார்ப்பதற்குத்தான். அன்றைக்குத் தன் படிப்பை அவள் வெறுத்த மாதிரி அதற்கு முன் வெறுத்ததில்லை.

"என்ன பாப்பா, பேயைப் பாத்த மாதிரி நிக்கிற?"

"ஒண்ணும் இல்லண்ணா. வெயில்."

அவர் ஓட்டுகிற பஸ்ஸில் ஒரு நடைக்கு எத்தனை பேர் ஏறுவார்கள் என்ற நினைப்பு அவளைத் தூங்கவிடவில்லை. அந்த வாரமே பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போய், முடிவு வந்ததும் சொன்னாள்.

"நீ எலிக்குப் பாக்கறியே, அந்த வியாதியா?"

"எலிக்குத் தானா வராதுண்ணா. மனுஷனுக்குத்தான்."

"அது சரி. எலிக்கே வராதது எனக்கு வந்திருக்கா?" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற அண்ணி சிரிக்கவில்லை. "உனக்கு இதெல்லாம் அத்துப்படியாச்சே. சரி பண்ணிடுவே இல்ல?" என்று கேட்டாள். அவள் தலையை ஆட்டி வைத்தாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அண்ணி ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

பஸ்ஸிலிருந்து இறக்கி டிப்போவில் மேஜை வேலை கொடுத்தார்கள். கொஞ்ச காலத்தில் அதுவும் முடியவில்லை என்று வீட்டோடு இருந்தார். மாத்திரை ஏறியிருக்கிற நேரம் மனிதர் பழையபடி இருப்பார். இறங்கியதும் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். அதிலும் கதவு நிலையைக் கண்டால் போதும், ஒரு பாதம் முன்னே ஒரு பாதம் பின்னே என்று அப்படியே நின்றுவிடுவார். இந்த நோய்க்காரர்களுக்கு அப்படித்தான், வெட்டவெளியில் நடந்துவிடுவார்கள், வாசற்படியில் நின்றுவிடுவார்கள். தரையில் கோடு போட்டால் அதைத் தாண்டுகிற சாக்கில் கால் எழும் என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். அண்ணி வீடு முழுக்க மஞ்சள் டேப் ஒட்டி வைத்தாள். "ரோட்டுல கோட்டைத் தாண்டாதேன்னு முப்பது வருஷம் சொன்னாங்க. இப்ப வீட்டுக்குள்ள தாண்டு தாண்டுங்கறாங்க" என்பார் அண்ணன். இப்படிப் பேசிப் பேசியே மற்றவர்களை அழவிடாமல் பார்த்துக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் அவளுடைய ஊசி மனிதர்களுக்கு வந்தது. பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்கிற சோதனை, அதற்குத் தலைமை அவள். நோயாளிகளில் பாதிப் பேருக்கு மாதம் ஒருமுறை மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது, போடுகிறவருக்கும் தெரியாது. கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். ஏன் இத்தனை மறைப்பு என்று புதிதாக வருகிற டாக்டர்களுக்கு வருஷா வருஷம் வகுப்பு எடுக்கிறவள் அவள்தான். மற்ற நோயில் நம்பிக்கை என்பது மனசோடு நின்றுவிடும். இந்த நோயில் அப்படியில்லை. நல்ல மருந்து உடம்பில் ஏறுகிறது என்று நம்பினாலே மூளை, மிச்சமிருக்கும் செல்களைப் பிழிந்தாவது டோபமினைச் சுரந்துவிடும். உப்புத் தண்ணீர் போட்டவர் எழுந்து நடப்பார், நிஜமாகவே நடப்பார். போடுகிறவருக்கு உண்மை தெரிந்தால் அவர் முகமே அதைக் கெடுத்துவிடும். "உங்க கண்ணை நம்பாதீங்க. இந்த நோயில கண்ணைவிடப் பெரிய பொய்யன் கிடையாது" என்று மேஜையைத் தட்டிச் சொல்வாள்.

அவள் ஆஸ்பத்திரியில் அண்ணனைச் சேர்க்க முடியாது. சொந்தக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. அவளிடம் படித்த ஒரு பெண், ஒல்லியாக உயரமாக இருப்பதால் நெட்டை டாக்டர் என்று பெயரெடுத்தவள், ஊரின் மறுகோடியில் இன்னொரு ஆஸ்பத்திரியில் இதே சோதனையை நடத்தினாள். அங்கே சேர்க்க ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு அனுமதித்தது, ஒரு நிபந்தனையோடு: அண்ணனின் சிகிச்சையில் அவள் மூக்கை நுழைக்கக் கூடாது.

மூக்கை நுழைக்கவில்லை. கண்ணைத்தான் வைத்தாள்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனபோது அவர் தானே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழ்வரைக்கும், பேச்சை நிறுத்தாமல். அடுத்த மாதம் கதவு நிலையில் நிற்காமல் சமையலறைக்குப் போனார். அதற்கடுத்த மாதம் அண்ணி தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மஞ்சள் டேப்பையெல்லாம் உரித்து எடுத்தாள். உரிக்கிறபோதே அழுதாள். அண்ணன் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கடைத்தெருவுக்குப் போய்வந்தார். போய்வந்து, பழைய டிப்போ சிநேகிதர்களிடம், "என் தங்கச்சி கண்டுபிடிச்ச மருந்து" என்று சொல்லிவிட்டும் வந்தார். ஆராய்ச்சியைப் பற்றி ஆயுளில் ஒரு வார்த்தை கேட்காத மனிதர்.

அவள் மனசுக்குள் சந்தேகமே இல்லை. அண்ணனுக்கு விழுந்திருப்பது மருந்துதான். வருஷா வருஷம் மேஜையைத் தட்டிச் சொன்ன வாய், தன் வீட்டு வாசற்படியில் அடைத்துப்போயிற்று. அவளைக் குற்றம் சொல்கிறவர்கள் சொல்லட்டும். கூடப் பிறந்தவர் கதவைத் தாண்டி நடந்து வருகிறபோது அதைச் சந்தேகப்படுகிற கல்நெஞ்சு எவருக்கு இருக்கிறதோ அவர்கள் சொல்லட்டும்.

ஆனால் அவளுடைய சொந்த நோயாளிகள் தேறவில்லை. அதில் ஒரு பாட்டு டீச்சர் இருந்தார், குரல் மாதத்துக்கு மாதம் மெலிந்துகொண்டே வந்து கடைசியில் காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கும் என்று ஆயிற்று. பாவம், உப்புத் தண்ணீர்க் கட்சியில் மாட்டிக்கொண்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். தேறியவர்களெல்லாம் மருந்துக்காரர்கள், தேறாதவர்களெல்லாம் தண்ணீர்க்காரர்கள். இப்படி ஒரு கணக்கை மாணவன் ஒருவன் போட்டிருந்தால் அவனை வகுப்பைவிட்டே துரத்தியிருப்பாள்.

சோதனையை மேற்பார்வை பார்க்கிற குழு கூடியது. குழுவின் கணக்குகளைப் பார்ப்பவர் வழுக்கைத் தலையோடு எப்போதும் தணிந்த குரலில் பேசுகிறவர். கம்ப்யூட்டர் மறைத்து வைத்ததைத் திறந்து பார்க்க அவர் ஒருவருக்குத்தான் உரிமை. அவர் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினார். மருந்து போட்டவர்களின் கோடும் தண்ணீர் போட்டவர்களின் கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்தன. கொஞ்சமும் விலகவில்லை.

"மருந்துக்கும் தண்ணிக்கும் வித்தியாசம் இல்லை, மேடம். நிறுத்திடலாம்னு குழு நினைக்குது."

"நிறுத்தக் கூடாது. இன்னும் ஆறு மாசம் குடுங்க."

"எதை வெச்சுக் குடுக்கச் சொல்றீங்க?"

"நான் பாத்திருக்கேன். ஒருத்தர் எழுந்து நடந்ததை என் கண்ணால பாத்திருக்கேன்."

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். கணக்குக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருத்தரையா?" என்றார். பிறகு, மிகவும் மரியாதையாக, "நீங்களா மேடம் இதைச் சொல்றீங்க?" என்றார். அவளுக்கு முகம் எரிந்தது. அந்தக் கூட்டத்தில் சோதனை முடிந்துபோனது. இருபது வருஷத்துக்கு மேல் கட்டியது, டீ ஆறுகிற நேரத்தில் முடிந்தது.

இரண்டு நாள் கழித்து நெட்டை டாக்டர் ஃபோன் செய்தாள். யார் யாருக்கு எது போட்டார்கள் என்ற விவரம் அந்தந்த ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது.

"மேடம், அண்ணனோடது பாத்தேன்."

"சொல்லு."

"உப்புத் தண்ணி, மேடம். எல்லா மாசமும்."

அவளுடைய பாட்டு டீச்சருக்குப் போட்டது மருந்து. அந்த விவரம் அவள் மேஜையிலேயே இருந்தது. இப்போதுதான் எடுத்துப் பார்த்தாள்.

நெட்டை டாக்டர் தயங்கித் தயங்கிப் பேசினாள். சோதனைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் உண்மையைச் சொல்லியாக வேண்டும், அதுவும் விதி. "நான் சொல்லட்டுமா, இல்ல நீங்களே சொல்றீங்களா?" அவள், நானே சொல்கிறேன் என்றாள். ஃபோனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அந்த உண்மை அண்ணன் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்பது உலகத்தில் வேறு யாரையும்விட அவளுக்குத்தான் தெரியும். அவர் நடந்தது நம்பிக்கையில். நம்பிக்கை போனால் கால் போகும். அதைச் சொல்லப் போகிற வாய் அவளுடையது.

படியேறி மணி அடித்தபோது கதவைத் திறந்ததே அண்ணன்தான். உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய், தானே டீ ஊற்றி, தட்டில் வைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுவந்தார். அண்ணி பெருமையாகப் பின்னாலேயே வந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று அவள் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரில அடுத்த மாசம் ஊசி இல்லங்கறாங்களே, ஏன் பாப்பா?"

"சோதனையை நிறுத்திட்டாங்கண்ணா. நிறைய பேருக்குக் கேக்கல."

"எனக்குக் கேட்டுதே." குரலில் ஒரு சின்னப் பயம் எட்டிப் பார்த்தது. "எனக்குப் போட்டது அசல் மருந்துதானே?"

அண்ணி டீத்தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"ஆமாண்ணா. அசல்தான்."

அண்ணன் மூச்சை விட்டார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "பாத்தியா" என்று அண்ணியைப் பார்த்துச் சொன்னார். அவளுக்கும் ஒரு நொடி நெஞ்சு லேசாகிவிட்டது. அந்த ஒரு நொடிதான். பொய் சொல்லத் தெரியாதவர்கள் பொய் சொன்னால் அது எங்கே போய் நிற்கும் என்று யோசிக்க மாட்டார்கள்.

"அப்போ எனக்கு மட்டும் குடு. மத்தவங்களுக்குக் கேக்காட்டி என்ன? எனக்குக் கேக்குதில்ல?"

"மருந்தையே நிறுத்திட்டாங்கண்ணா. தர மாட்டாங்க."

"நீதானே கண்டுபிடிச்ச? உன்கிட்ட இல்லாம வேற யார்கிட்ட இருக்கும்?" இது அண்ணி. குரல் கெஞ்சலில் ஆரம்பித்து வேறு எதிலோ முடிந்தது. "ஊருக்கெல்லாம் பாத்தே. கூடப் பிறந்தவருக்கு ஒரு ஊசி கிடையாதா?"

இல்லை என்றால், இருக்கிற மருந்தைத் தங்கச்சியே ஒளித்து வைத்துக்கொண்டாள் என்று நம்பிக்கொண்டே அவர் முடங்குவார். உண்மையைச் சொன்னால் அதை அறிந்துகொண்டே முடங்குவார். "பாக்கறேன்" என்றாள். அடுத்த மாதம் கைப்பையில் உப்புத் தண்ணீர்க் குப்பியும் ஊசியும் எடுத்துக்கொண்டு போனாள். எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிற குப்பி. லேபிளைக் கிழித்தாள். போலி வைத்தியர்களைத் திட்டி மேடையில் முழங்கியவள், அண்ணன் வீட்டுக் குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு லேபிள் கிழித்தாள்.

அந்த மாதம் அவர் நடந்தார். கீழே போய் பேப்பர் வாங்கி வந்தார். அவள் தன் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினாள், அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். நெட்டை டாக்டர் கேட்டபோது, சொல்லிவிட்டேன் என்று அவளுக்கும் ஒரு பொய்.

அடுத்த மாதம் ஊசி போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க ஒரு நர்ஸ் பொண்ணு போடும். போடும்போதே 'இன்னைக்கு ஓடிப்போய் பஸ்ஸைப் பிடிச்சிடுவீங்க பாருங்க'ன்னு கேலி பண்ணும். நீ என்ன, பிணத்துக்குப் போடற மாதிரி போடற?"

அவள் சிரிக்க முயன்றாள். அந்த நர்சுக்கு எதுவும் தெரியாது. அதனால் அவளால் சிரிக்க முடிந்தது. தெரிந்தவள் எப்படிச் சிரிப்பாள்? நோயாளிகளின் முகத்தை மட்டுமே படித்துப் பழகியவளுக்குத் தன் முகத்தை மூடி வைக்கத் தெரியவில்லை. அதன்பிறகு கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்தாள். வகுப்பில் அவள் சொன்னதெல்லாம் சரி. போடுகிறவருக்குத் தெரிந்துவிட்டால் தண்ணீர் வெறும் தண்ணீர்தான்.

அவர் வேகமாகச் சரிந்தார். பொத்தான்கள் போயின, கடைத்தெரு போயிற்று. அண்ணி புதுசாக டேப் வாங்கி ஒட்டினாள். அதுவும் இந்தத் தடவை வேலை செய்யவில்லை, கோட்டின் முன்னால் நின்று கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். மாத்திரையைக் கூட்டினார்கள். கூட்டியதில் இரவில் அறை மூலையில் யாரோ நிற்பதாகச் சொன்னார். மாதத்துக்கு மாதம் அவளே உருளையிலிருந்து விழுவது போல இருந்தது. ஆஸ்பத்திரியில் எலிக் கூண்டுகளை வேறு பிரிவுக்குக் கொடுத்துவிட்டார்கள், ஜன்னலோர மேஜையைப் புதிதாக வந்த ஒருவர் கேட்டிருந்தார். எதற்கும் அவள் மறுப்புச் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது. இனி போவதற்குக் கால்களில் என்ன மிச்சம்? குறைந்தபட்சம் தண்ணீரைக் குத்தி அவருடைய கையை ரணமாக்காமலாவது இருக்கலாம். பேச வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அண்ணன் நாற்காலியில் சலவைச் சட்டை போட்டு, தலை வாரி உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தில் சிரிப்பு வர வைத்தார். இந்த நோயில் முகத் தசைகளும் இறுகிவிடும், சிரிப்பு தானாக வராது, ஒவ்வொரு தசையாக இழுத்து வர வைக்க வேண்டும். எவ்வளவு பாடு என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நான் முதல்ல சொல்லிடறேன்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "இந்தத் தடவை நல்லா வேலை செய்யுது பாப்பா. நேத்து நானே மாடிப்படி ஏறினேன்."

அண்ணி சட்டென்று சமையலறைக்குள் போனாள். அண்ணனின் வலது கை தொடைக்கு அடியில் இருந்தது. நடுங்குவது தெரியாமலிருக்க அதன்மேல் உட்கார்ந்திருந்தார். ஆனால் தோள் ஆடியது. கழுத்து ஆடியது. அவள் பார்க்க விரும்பவில்லை. ஆனாலும் கண்கள் பாட்டுக்கு ஒவ்வொன்றாக எடை போட்டுக்கொண்டே போயின.

"உன் மருந்து யாருக்கும் கேக்கலன்னு பேசிக்கறாங்களாமே, டிப்போல சொன்னாங்க. யாராவது கேட்டா என்னைக் காட்டு. ஒருத்தனுக்குக் கேட்டிருக்குல்ல? இத்தனை வருஷம் நீ பட்டது ஒண்ணும் வீணாப் போகல." இதைச் சொல்லி முடிக்க அவருக்கு நிறைய நேரம் பிடித்தது. "இப்ப சொல்லு. என்னவோ சொல்ல வந்தியே?"

போன மாதத்துக் குப்பி ஒன்று கைப்பையிலேயே கிடந்தது, அதை எடுத்தாள். "ஒண்ணும் இல்லண்ணா. சட்டையைக் கொஞ்சம் தளத்து" என்றாள். அவர் கையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. அவளே தளர்த்திவிட்டு ஊசியைப் போட்டாள். போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நல்லா சிரிக்கிற இன்னைக்கு" என்றார் அண்ணன்.

அவள் கிளம்பினாள். "இரு, வாசல் வரைக்கும் வரேன்" என்று அவர் உடம்பை முன்னால் ஒருமுறை ஆட்டினார். இன்னொரு முறை ஆட்டினார். நாற்காலி விடவில்லை. "காலு மரத்துப்போச்சு. ரொம்ப நேரம் ஒரே மாதிரி உக்காந்துட்டேன்ல" என்று சமாளித்தார். "நீ போ. நான் அப்புறமா எந்திரிச்சுக்கறேன்."

"சரிண்ணா" என்றாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள். செருப்பை மாட்டுகிற வரைக்கும் உள்ளே சத்தமே இல்லை. பிறகு அண்ணியின் குரல் கேட்டது.

"அவ போயிட்டா. தூக்கட்டுமா?"